பழகிடும்னு விட்டுடாதீங்க: பட்டாசுக்குப் பயப்படுற நாய்க்கு மூணு மாசப் பாடம்

தீபாவளிக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. ஆடித் தள்ளுபடி போர்டையே இன்னும் கழட்டல. இந்த நேரத்துல பட்டாசைப் பத்தி எதுக்குடா கட்டுரைன்னு இதழ் குழுவுல கேட்டாங்க. காரணம் இருக்கு. பரீட்சைக்கு முந்தின நாள் நைட் உட்கார்ந்து படிச்சு பாஸ் பண்றது நமக்குக் கைவந்த கலை. நாய்க்கு அது நடக்காது. பட்டாசுச் சத்தத்துக்குப் பயப்படுற ஒரு நாயைத் தயார் பண்ண ரெண்டு, மூணு மாசம் வேணும். தீபாவளி வாரத்துல இதைப் படிச்சா பாதிதான் பயன்படும். அதான் இப்பவே எழுதறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது "பட்டாசு வெடிக்காதீங்க" கட்டுரை இல்லை. என் சொந்த ஊர் சாத்தூர். சிவகாசிக்குப் பக்கம். சித்தப்பா ஒரு பட்டாசு ஆலையில பேக்கிங் வேலை பார்க்கறாங்க. எங்க தெருவுல பாதி வீட்டுல அடுப்பு எரியறது அந்தத் தொழிலாலதான். எங்க ஊர்ல பட்டாசும் இருக்கும், நாயும் இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல நாம என்ன செய்யலாம்ங்கறதுதான் இந்தப் பாடம்.

சேவு ஓடிப்போன கதை

எங்க வீட்டு நாய் பேர் சேவு. நாட்டு நாய்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல குட்டியா கிடந்தான். எங்க ஊர் காராச்சேவு கலர்ல இருந்ததால தம்பி அந்தப் பேரை வெச்சுட்டான்.

முதல் தீபாவளிக்கு அவனுக்கு ஆறு மாசம் இருக்கும். நாள் முழுக்கக் கட்டிலுக்கு அடியில கிடந்தான். "பழகிடும்ப்பா, அடுத்த வருஷம் பாரு"ன்னு அப்பா சொன்னாங்க. நானும் நம்பினேன். அடுத்த வருஷம், தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி எங்கேயோ ஒரு வெடி வெடிச்சதுக்கே நடுங்க ஆரம்பிச்சான். தீபாவளி அன்னைக்கு சாயங்காலம் விருந்தாளிங்க வந்திருந்தாங்க. அவங்க காலுக்குள்ள வந்து ஒண்டிக்கிட்டே இருந்ததால, கொல்லைப்பக்கம் சங்கிலியில கட்டிப் போட்டோம். ஏழரை மணி வாக்குல பின் தெருவுல யாரோ ஒரு அணுகுண்டு வெச்சாங்க. அப்புறம் போய்ப் பார்த்தா, சங்கிலி கிடக்கு, அதுல கழுத்துப் பட்டை தொங்குது, நாயைக் காணோம்.

பின் தெருவுல வெடிச்சது யார்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. முன் தெருவுல அந்த நேரத்துல வெடிச்சிட்டிருந்தது நான்தான்.

ரெண்டு நாள் நானும் தம்பியும் பைக்ல தேடினோம். மூணாம் நாள் காலையில வைப்பாற்றுப் பாலத்துக்குக் கீழ கண்டுபிடிச்சோம். கால் நகம் ரெண்டு பிய்ஞ்சு போய், உள்ளங்கால்ல ரத்தம் காய்ஞ்சு கிடந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டா வரல. அம்மா வந்து பக்கத்துல உட்கார்ந்த பிறகுதான் எழுந்தான். அதுக்கப்புறம் குக்கர் விசில், பீரோ கதவுச் சத்தம், எதுக்கெடுத்தாலும் கட்டிலுக்கு அடியில ஓட்டம்.

அன்னைக்குத்தான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். அடுத்த ஒரு வருஷம் வீட்டுல செஞ்சு பார்த்ததையும் சேர்த்து கீழே தர்றேன்.

பாடம் 1: சத்தத்தோட கணக்கு

நமக்குக் கேக்கிற ஒலி சுமார் 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும். நாய்க்குச் சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும். ராக்கெட் கிளம்பறப்போ வர்ற "ஸ்ஸ்ஸ்" சத்தத்துல நம்ம காதுக்கு எட்டாத பகுதியும் அதுக்கு எட்டும்.

இப்போ அளவு. வெடிக்கிற இடத்துல இருந்து 4 மீட்டர் தூரத்துல 125 டெசிபலைத் தாண்டுற பட்டாசைத் தயாரிக்கவோ, விற்கவோ, வெடிக்கவோ கூடாதுன்னு 1999-லயே மத்திய அரசு விதி போட்டிருக்கு. சரி, சட்டப்படி வெடிக்கிற பட்டாசையே எடுத்துக்குவோம். முதல் வருஷ ஃபிசிக்ஸ் ஞாபகம் இருந்தா, திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கு ஆகறப்போ சத்தம் 6 டெசிபல் குறையும். 4 மீட்டர்ல 125. எதிர் வீட்டு வாசல் 8 மீட்டர்னா அங்கே 119. 16 மீட்டர்ல 113. 32 மீட்டர்ல 107. 64 மீட்டர் தள்ளிப் போனாலும் 101. இது திறந்த வெளிக் கணக்கு. ரெண்டு பக்கமும் வீட்டுச் சுவர் இருக்கிற நம்ம தெருவுல சத்தம் பட்டுத் திரும்புறதால அந்த அளவுக்குக்கூடக் குறையாது.

இன்னொரு விஷயம். பசுமைப் பட்டாசுன்னா சத்தம் வராதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அதோட முக்கிய நோக்கம் புகையையும் தூசியையும் குறைக்கிறது. டப்பாவுல முத்திரை இருந்தாலும் வெடி வெடிதான்.

கணக்கை விட முக்கியமானது ஒண்ணு இருக்கு. திரியைப் பத்த வைக்கறது நாம. அதனால எப்போ வெடிக்கும்னு நமக்குத் தெரியும். காதைப் பொத்திக்கிறோம், சிரிக்கிறோம். நாய்க்கு எங்கிருந்து, எப்போ, எத்தனை வரும்னு எதுவும் தெரியாது. ஒரு நிமிஷம் அமைதி, அடுத்த நிமிஷம் இடி. சத்தத்தோட அளவு ஒரு பங்குன்னா, முன்கூட்டியே தெரியாததால வர்ற பயம் இன்னொரு பங்கு.

பாடம் 2: ஏன் தானா பழகாது?

ஃபேன் சத்தம், ரயில் சத்தம் இதெல்லாம் நமக்குப் பழகிடுது. ஏன்? சத்தம் மிதமா இருக்கு, அடிக்கடி வருது, அதால ஒரு கெடுதலும் இல்லை. மூளை "இதுல ஒண்ணும் இல்லை"ன்னு முடிவு பண்ணிக் கண்டுக்காம விட்டுடுது.

ஆனா சத்தம் தாங்க முடியாத அளவுக்குப் போனா நடக்கறது நேர் எதிர். ஒவ்வொரு தடவையும் இதயம் படபடக்குது, அட்ரினலின் ஏறுது, ஓடுன்னு உடம்பு சொல்லுது. ஓடி ஒளிஞ்சா கொஞ்சம் நிம்மதி கிடைக்குது. மூளை இதை அப்படியே குறிச்சு வெச்சுக்குது. அடுத்த தடவை இன்னும் சின்னச் சத்தத்துக்கே மணி அடிக்குது. அப்புறம் அந்தச் சத்தத்தோட சேர்ந்து வர்ற எல்லாத்துக்கும் பயம் பரவுது. வெளிச்சம், வெடிமருந்து வாசம், சாயங்கால நேரம், கடைசியில குக்கர் விசில். சேவுக்கு நடந்தது இதுதான். ஒவ்வொரு தீபாவளியும் அவனுக்கு ஒரு பாடம் எடுத்துச்சு. நாங்க நினைச்ச பாடம் இல்லை.

பயத்தோட அறிகுறி நடுங்கறது, ஓடறது மட்டும் இல்லை. அதுக்கு முன்னாடியே சின்னச் சின்ன சிக்னல் வரும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். உதட்டை நக்கிக்கிட்டே இருக்கும். காதைப் பின்னால மடக்கும். வாலைக் காலுக்குள்ள சொருகும். வெயில் இல்லாமலே மூச்சு வாங்கும். இங்கேயும் அங்கேயும் நடந்துகிட்டே இருக்கும். வீட்டுக்குள்ளயே ஒண்ணுக்குப் போகும். ரொம்பப் பிடிச்ச சாப்பாட்டையே வேண்டாம்னு திரும்பிடும். இந்தக் கடைசி அறிகுறியை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. அடுத்த பாடத்துல நம்ம மீட்டரே அதுதான்.

பாடம் 3: மூணு மாச சிலபஸ்

அடிப்படை ரொம்ப எளிமை. பயமே வராத அளவுக்குச் சின்னதா சத்தத்தைக் கேட்க வைக்கணும். சத்தம் வந்த உடனே நல்லது ஒண்ணு நடக்கணும். கொஞ்சம் கொஞ்சமா அளவைக் கூட்டணும். பாவ்லோவ் நாய்களை வெச்சு செஞ்ச சோதனை ஸ்கூல்ல படிச்சிருப்போமே, அதே தத்துவம்.

தேவையானவை: பட்டாசுச் சத்தம் பதிவான ஆடியோ, ஒரு ஸ்பீக்கர், உப்பும் மசாலாவும் போடாம வேகவெச்ச எலும்பில்லாத கோழிக்கறி. முட்டையும் ஓகே. தினமும் போடுற சோறு வேண்டாம். இந்த நேரத்துல மட்டும் கிடைக்கிற ஸ்பெஷலா இருக்கணும்.

செய்முறை:

முதல் படி. நாய் அமைதியா இருக்கிற நேரம் பார்த்து, சத்தத்தை மிகக் குறைவா வைங்க. காதை லேசாத் திருப்பணும், அவ்வளவுதான். எழுந்து ஓடினா அதிகம்னு அர்த்தம்.

ரெண்டாவது. ஒரு வெடிச் சத்தம், உடனே ஒரு துண்டுக் கறி. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு வெடி, இன்னொரு துண்டு. இடைவெளி ஒரே மாதிரி இருக்க வேண்டாம். ஒரு நாளைக்கு அஞ்சு பத்து நிமிஷம் போதும்.

மூணாவது. சத்தம் கேட்ட உடனே, "கறி எங்கே?"ன்னு உங்க மூஞ்சியைப் பார்க்குதா? அந்த அளவு பாஸ். ரெண்டு மூணு நாள் அதே மாதிரி பார்த்தா, ஒரு புள்ளி மட்டும் கூட்டுங்க.

நாலாவது. சாப்பிடாம நின்னுட்டா, அன்னைக்கு நிறுத்திடுங்க. அடுத்த நாள் ரெண்டு புள்ளி குறைச்சு ஆரம்பிங்க. அரியர் மாதிரி நினைச்சுக்கோங்க. திரும்ப எழுதினா கிளியர் ஆகிடும்.

நான் ஹாஸ்டல்ல இருக்கேன். அதனால அம்மாதான் ட்ரெயினர், தம்பி ஸ்பீக்கர் ஆபரேட்டர். ஒரு நோட்டுல மூணு காலம் போட்டோம்: வால்யூம் எவ்வளவு, எத்தனை தடவை, சாப்பிட்டானா இல்லையா. தினமும் ராத்திரி அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிடுவான்.

நாங்க செஞ்ச ரெண்டு தப்பையும் சொல்றேன், நீங்க செய்யாதீங்க.

முதல் தப்பு, வரிசை. தம்பி முதல்ல கறியைக் கொடுத்துட்டு, அவன் மெல்லும்போது சத்தத்தைப் போட்டிருக்கான். நாலு நாள்ல, கறிக் கிண்ணத்தைப் பார்த்தாலே சேவு ஓட ஆரம்பிச்சுட்டான்! யோசிச்சா அவன் கணக்கு சரிதான். கறி வந்தா பின்னாடியே வெடி வரும்னு கத்துக்கிட்டான். எப்பவும் சத்தம் முதல்ல, சாப்பாடு அடுத்தது. இந்த வரிசை மாறினா மொத்தப் பயிற்சியும் தலைகீழாகும். எங்களுக்கு ஒரு வாரம் போச்சு. கிண்ணத்தை மாத்தி, முதல்ல இருந்து ஆரம்பிச்சோம்.

ரெண்டாவது தப்பு, ஸ்பீக்கர். முதல் மூணு வாரம் போன்லயே போட்டோம். வால்யூம் முழுசா வெச்சும் அசையல. சூப்பர்னு நினைச்சோம். நிஜத்துல, பக்கத்துத் தெருவுல கல்யாண வீட்டுல ஒரு வெடி வெடிச்சதும் மறுபடியும் கட்டிலுக்கு அடியில. போன் ஸ்பீக்கர் ரொம்பச் சின்னது. வெடியோட அந்த "டும்"ங்கிற கனமான, தாழ்ந்த அதிர்வு அதுல வரவே வராது. இசிஇ படிக்கிற எனக்கு இது முதல் நாளே தோணியிருக்கணும். அப்புறம் வீட்டுல இருந்த பழைய ஹோம் தியேட்டர்ல, ரொம்பக் குறைஞ்ச அளவுல மறுபடியும் ஆரம்பிச்சோம்.

எவ்வளவு நல்ல ஸ்பீக்கரா இருந்தாலும் நிஜ வெடிக்கு ஈடாகாதுங்கறதையும் ஒத்துக்கணும். ஸ்விட்சர்லாந்துல இருக்கிற பெர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஸ்டெஃபனி ரீமர், நாய் வளர்க்கிற 1,225 பேர்கிட்ட கேள்வித்தாள் கொடுத்து ஒரு ஆய்வு செஞ்சு, 2020-ல வெளியிட்டார். பதிவு செஞ்ச சத்தத்தை வெச்சுப் பயிற்சி கொடுத்தவங்கள்ல சுமார் 55 சதவீதம் பேர் பலன் இருந்ததுன்னாங்க. நிஜமா வெடி வெடிக்கும்போதே, ஒவ்வொரு சத்தத்துக்கும் பிறகு சாப்பாடோ விளையாட்டோ கொடுத்தவங்கள்ல 70 சதவீதத்துக்கும் மேல பலன் சொன்னாங்க. உடம்பைத் தளர்வா வெச்சுக்கப் பழக்கினவங்களும், டாக்டர் எழுதின மருந்து கொடுத்தவங்களும் கிட்டத்தட்ட 69 சதவீதம். உடம்பை இறுக்கிப் பிடிக்கிற சட்டை போட்டவங்கள்ல 44. மூலிகை, வாசனைப் பொருள் வகைகளுக்கு 27-ல இருந்து 35 வரைக்கும்தான். இது வளர்க்கறவங்க சொன்னது, கருவி வெச்சு அளந்தது இல்லை. ஆனாலும் காசை எதுல போடணும், நேரத்தை எதுல போடணும்னு முடிவு பண்ண இது உதவும். ஆன்லைன்ல வாங்கற பாட்டிலை விட அரைக் கிலோ கோழிக்கறி மேல்.

வீட்டுல குட்டி இருந்தா உங்களுக்கு வேலை குறைவு. மூணு வாரத்துல இருந்து மூணு மாசம் வரைக்கும் குட்டிங்க உலகத்தைக் கத்துக்கிற வயசு. அந்த வயசுல மெல்லிசா, விளையாட்டோட, சாப்பாட்டோட பலவிதச் சத்தங்களைக் கேட்க வெச்சா பின்னாடி பயம் வர்ற வாய்ப்பு குறையும்.

பாடம் 4: தீபாவளி அன்னைக்கு

உச்ச நீதிமன்றம் 2018-ல கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, தமிழ்நாட்டுல பட்டாசு வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7 வரை, ராத்திரி 7 முதல் 8 வரை. நிஜத்துல என்ன நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். இருந்தாலும் அந்த ரெண்டு மணி நேரம்தான் உச்சம். அதை வெச்சுத் திட்டம் போடலாம்.

இடம். நாய் தானா எங்கே போய் ஒளியுதுன்னு ஒரு மாசம் முன்னாடியே கவனிங்க. கட்டிலுக்கு அடியா, பாத்ரூமா, சாமான் ரூமா, எதுவா இருந்தாலும் அதுதான் அதோட இடம். அங்கே பழைய போர்வை, தண்ணி வைங்க. தெருவைப் பார்க்காத உள் அறைன்னா இன்னும் நல்லது. ஜன்னலை மூடி, வெளிச்சம் தெரியாதபடி கனமான துணி போடுங்க. கதவுக்கு அடியில இருக்கிற இடைவெளியில துணியைச் சுருட்டி வைங்க, சத்தம் அது வழியாத்தான் நிறைய வரும். ஆனா நாயை உள்ளே வெச்சுப் பூட்டாதீங்க. உள்ளே போகவும் வெளியே வரவும் வழி இருக்கணும். அடைபட்டுட்டோம்னு தெரிஞ்சா கதவைப் பிறாண்டி நகத்தைப் பிய்ச்சுக்கும்.

மறைக்கிற சத்தம். ஃபேனை முழு வேகத்துல வைங்க, டிவியோ பாட்டோ ஓட விடுங்க. தூரத்துல வெடிக்கிற சின்ன வெடியெல்லாம் அதுல கரைஞ்சிடும். பக்கத்துல வெடிக்கிறதை அது மறைக்காது. டிவியை அலற விடறதும் வேண்டாம்.

நடை, சாப்பாடு. வெளிய கூட்டிட்டுப் போறதை விடியறதுக்கு முன்னாடியும் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ளயும் முடிச்சுடுங்க. கயிறு இல்லாம ஒரு நிமிஷம்கூட வேண்டாம். கழுத்துப் பட்டை உருவிக்கும், எங்களுக்கு அது நல்லாவே தெரியும். மார்போட சேர்த்து மாட்டுற ஹார்னஸ் வாங்கிடுங்க. பட்டையில போன் நம்பர் எழுதுங்க. போன்ல புது போட்டோ ஒண்ணு இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாட்டை ஆறு மணிக்கே கொடுத்துடுங்க.

வெடிக்கும்போது. ஒவ்வொரு "டும்"முக்கும் ஒரு துண்டு. பயிற்சியே செய்யாதவங்களும் இதைச் செய்யலாம். சாப்பிடலைன்னா வற்புறுத்தாதீங்க, பக்கத்துல வெச்சுட்டு விட்டுடுங்க.

ஆறுதல். "பயப்படுறப்போ தடவிக் கொடுத்தா பயம் அதிகமாகிடும், கண்டுக்காம விடு"ன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. அது தப்பு. பயம் ஒரு உணர்ச்சி. காய்ச்சல்ல இருக்கறவனுக்கு கஞ்சி கொடுத்தா காய்ச்சல் வளருமா? மடியில வந்து ஒண்டினா தடவிக் கொடுங்க. ஒளிஞ்சுக்கணும்னு நினைச்சா விட்டுடுங்க. முடிவு அதுகிட்டயே இருக்கட்டும்.

செய்யக் கூடாதவை: பழகட்டும்னு மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போறது. கொல்லையில கட்டிப் போடறது. திட்டறது. காதுக்குள்ள பஞ்சைத் திணிக்கிறது. இனிப்புத் தட்டு எட்டுற இடத்துல இருக்கறது. சாக்லேட்டும் உலர் திராட்சையும் நாய்க்கு விஷம். காராச்சேவும் கொடுக்காதீங்க, பேர் ஒண்ணா இருந்தாலும்.

பாடம் 5: டாக்டர்கிட்ட போறது தோல்வி இல்லை

சாப்பாட்டையே தொடாம மணிக்கணக்கா நடுங்குது, தன்னைத்தானே காயப்படுத்திக்குதுன்னா பயிற்சி மட்டும் போதாது. தீபாவளிக்கு மூணு நாலு வாரம் முன்னாடியே கால்நடை மருத்துவர்கிட்ட போங்க. பயத்தைக் குறைக்கிற மருந்துகள் இருக்கு. எடை, வயசு, இதயம், கல்லீரல் எல்லாம் பார்த்து அவர்தான் முடிவு பண்ணணும். கொடுத்த மருந்தை அமைதியான ஒரு நாள்ல ஒரு தடவை கொடுத்துப் பார்க்கலாமான்னு கேளுங்க. அது எப்படி வேலை செய்யுதுன்னு தீபாவளி அன்னைக்குத்தான் தெரியணும்னு இல்லை.

ஒரு கேள்வியை மட்டும் தைரியமா கேளுங்க: "டாக்டர், இது பயத்தைக் குறைக்குமா, இல்லை வெறும் அசதியா?" அசிப்ரோமசின் மாதிரி சில மருந்துகள் தனியா கொடுத்தா உடம்பைத் தளர வைக்கும், பயம் அப்படியே உள்ளே இருக்கும். பார்க்கறவங்களுக்கு அமைதியா படுத்திருக்கிற மாதிரி தெரியும். நாய்க்கு எல்லாம் கேட்டுக்கிட்டே இருக்கும், ஓட மட்டும் முடியாது. நம்ம வீட்டு மாத்திரை டப்பாவுல இருந்து எதையும் எடுத்துக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால், இபுப்ரோஃபன் ரெண்டுமே நாய்க்கு ஆபத்து.

பாடம் 6: சொந்தக்காரர் இல்லாத நாய்

நம்ம கேம்பஸ் நாய்களைப் பத்தியும் யோசிக்கணும். தீபாவளி லீவுக்கு நாம ஊருக்குப் போனதும் மெஸ் மூடிடும். அதுங்களுக்குச் சாப்பாடு போடற கையெல்லாம் ஒரே நாள்ல காணாமப் போகுது. அதே வாரம்தான் வெடிச் சத்தமும். பசியும் பயமும் சேர்ந்தா எந்த நாயும் எரிச்சலாத்தான் இருக்கும்.

செய்ய வேண்டியது பெருசா ஒண்ணும் இல்லை. ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி வாட்ச்மேன் அண்ணன்கிட்ட பேசி, அஞ்சு நாளைக்குச் சாப்பாட்டுக்குக் காசு சேர்த்துக் கொடுத்துட்டுப் போகலாம். ஹாஸ்டல் கீழே சைக்கிள் ஸ்டாண்டுல ஒரு மூலையை விட்டு வெச்சு, தண்ணி வைக்கலாம். ஊர்ல இருக்கறவங்க, மாடிப்படிக்கு அடியில வந்து ஒண்டுற தெரு நாயை அன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் விரட்டாம இருங்க. பயந்த நாயைப் பிடிக்கவோ தூக்கவோ போகாதீங்க, கடிச்சிடும். காலையில பைக், கார் எடுக்கிறதுக்கு முன்னாடி கீழே குனிஞ்சு ஒரு தடவை பாருங்க.

நாய் வால்ல சரம் கட்டுறது, நாய் மேல வெடி வீசறது இதெல்லாம் 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். உங்க தெருப் பசங்ககிட்ட சட்டம் பேச வேண்டாம். "டேய், அது வேண்டாம்டா"ன்னு ஒரு அண்ணன் சொன்னா போதும்.

ரிசல்ட்

போன தீபாவளிக்கு நாங்க எல்லாத்தையும் தயார் பண்ணி வெச்சோம். சேவு ஜம்முனு வாசல்ல உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்னு எழுத ஆசைதான். அப்படி நடக்கல.

ஆறரைக்கே கட்டிலுக்கு அடியில போயிட்டான். ஏழு மணிக்கு முதல் வெடி. உடம்பு நடுங்குச்சு. அம்மா ஒரு துண்டை நீட்டினாங்க, எடுத்துக்கிட்டான். அடுத்தது, இன்னொரு துண்டு. ஏழரை வரைக்கும் சாப்பிட்டுக்கிட்டே இருந்தான். அதுக்கப்புறம் பக்கத்துலயே ஒரு பெரிய வெடி. வாயில இருந்ததைக் கீழே போட்டுட்டு மூலைக்குப் போயிட்டான். அரை மணி நேரம் எதையும் தொடல. எட்டரைக்கு மறுபடியும் மூக்கை நீட்டினான்.

நோட்டுல தம்பி எழுதி வெச்சிருக்கான்: மொத்தம் 61 துண்டு. ஓடல. நகம் முழுசா இருக்கு. மறுநாள் காலையில கயிறை எடுத்ததும் வாலை ஆட்டிக்கிட்டு வாசலுக்கு வந்தான். அதுக்கு முந்தின வருஷம் அதே நேரத்துல எங்கே இருந்தான்னு உங்களுக்குத் தெரியும்.

அன்னைக்கு நான் பட்டாசே வெடிக்கலைன்னு சொன்னா பொய். தெருமுனை மைதானத்துக்குப் போய், சித்தப்பா கொண்டு வந்த புஸ்வாணமும் சங்குசக்கரமும் கம்பி மத்தாப்பும் கொளுத்தினோம். "சத்தம் வராதது வாங்கினாலும் எங்களுக்குக் கூலி வரத்தாண்டா செய்யும்"னாங்க சித்தப்பா.

எட்டு மணி வாக்குல வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்படியில இருந்தாங்க. கட்டிலுக்குப் பக்கத்துல தரையில அப்பா உட்கார்ந்திருந்தாங்க, கையில கறிக் கிண்ணம். "பழகிடும்"னு சொன்ன அதே அப்பா. நான் பேச வாயெடுத்தேன். உஷ்னு விரலைக் காட்டிட்டு, அடுத்த சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க.

இந்த வருஷம் நோட்டு மறுபடியும் போன வாரமே ஆரம்பிச்சாச்சு. வால்யூம் ரெண்டு, பன்னெண்டு தடவை, சாப்பிட்டான். உங்க வீட்டுலயும் ஒரு நாய் இருந்தா, இன்னைக்கு ராத்திரி போன் பண்ணும்போது அம்மாகிட்ட இதைச் சொல்லுங்க. அரைக் கிலோ கோழியும் ஒரு பழைய நோட்டும் போதும், ஆரம்பிச்சுடலாம்.